மருந்து கொடுக்கும் கை

ஆஸ்பத்திரியில் மருந்தை எழுதுகிறவர் டாக்டர். எடுத்துக் கொடுக்கிறவர் மருந்தாளுநர். அதை நோயாளியின் உடலுக்குள் செலுத்துகிற கையோ நர்ஸினுடையது. முன்னிருவரும் தவறினால் திருத்துவதற்கு இன்னும் அவகாசமுண்டு. ஊசி ஏறிய பிறகு அவகாசமில்லை. ஆகவே, அந்தக் கை எவ்வாறு பயிற்றப்பட்டிருக்கிறது, எவ்வளவு களைத்திருக்கிறது, எவருக்கு அஞ்சுகிறது என்பவை நர்ஸுகளின் சொந்த விவகாரமல்ல. நம் ஒவ்வொருவருடைய உயிரையும் பற்றிய விவகாரமாகும்.

1998 ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கைச் சட்டம் அறிந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1993 டிசம்பரில், வடநாட்டில், டைபாய்டு சுரத்திற்காகப் பாலகன் ஒருவன் அந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தான். தாம் எழுதியது குளோரம்பெனிகால் என்றார் டாக்டர். தகப்பனாரை வாங்கி வரச் சொல்லி நர்ஸ் இரத்தக் குழாயில் ஏற்றியதோ குளோரோகுயின். ஊசி போட்ட மாத்திரத்தில் பிள்ளை துவண்டு விழுந்தான். உயிர் தப்பினாலும் மூளை நிரந்தரமாகப் பாழாயிற்று. ஊசி போட்டவர் பதிவு பெற்ற நர்ஸே அல்லர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பிள்ளைக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாயும் ஆஸ்பத்திரியார் கொடுக்க வேண்டுமென்பது முடிவாயிற்று. செவிக்கு ஒத்து ஒலிக்கும் இரண்டு பெயர்கள்; இடையில் எவரும் கேளாத ஒரு கேள்வி. ஒரு குடும்பத்தின் வாழ்வு குலைவதற்கு அவ்வளவே போதியதாக இருந்தது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் நர்ஸுகள் பாடசாலையிலேயே கற்கிறார்கள். ஆனால், இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய எச்சரிக்கையோடுதான் வருகிறது. இருதய நோய்க்கான டிஜாக்சினைக் கொடுக்குமுன் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். வயது வந்தவருக்கு அது 60-க்குக் குறைந்திருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே இரத்தக் குழாயில் செலுத்துவது இருதயத்தை நிறுத்திவிடும். கலந்து, துளித்துளியாக, மெதுவாகவே ஏற்ற வேண்டும். பென்சிலின் ஊசிக்கு முன், இதற்கு முன்னர் ஒவ்வாமல் போனதுண்டா என்று கேட்காதிருப்பது குற்றம்.

நீரிழிவுக்காரருக்கான இன்சுலின் விஷயம் இன்னும் நுட்பமானது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட மருந்தும் உண்டு. 100 யூனிட் கொண்டதும் உண்டு. இரண்டிற்கும் வெவ்வேறு ஊசிக்குழல்கள். 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழலின் கோட்டைப் பார்த்து இழுத்தால், உள்ளே போவது இரண்டரை மடங்கு. சர்க்கரையின் அளவைப் பாராமலும், சாப்பாடு வந்துவிட்டதா என்று விசாரியாமலும் போட்ட இன்சுலின், நோயாளியை மயக்கத்தில் தள்ளிவிடும்.

காவிரிப் பாசனத்து நெல் வயல்களிலிருந்து வரும் நோயாளிகளைக் கவனிக்கையில் இந்தப் பொறுப்பு மேலும் கனக்கிறது. நாற்றங்காலிலும் வரப்பிலும் பாம்பு தீண்டியவர், நச்சு முறிவு மருந்திற்காகத் தூக்கி வரப்படுகிறார். மற்ற மருந்துகளைக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுப்பது வழக்கம். இந்த மருந்துக்கு அவ்விதியில்லை. பாம்பு இறக்கிய விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லையாதலால், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். அம்மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே அட்ரினலினைக் கையெட்டும் தூரத்தில் தயாராக வைத்துக்கொண்டு, முதல் நிமிஷங்களில் நர்ஸ் படுக்கையை விட்டு நகரலாகாது. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் பாஸ்பேட் இனத்தைச் சேர்ந்ததைக் குடித்துவிட்டு வருகிறவருக்கு அட்ரோபின் ஏற்றப்படுகிறது. நெஞ்சில் சளி ஒலி அடங்குகிறதா, நாடியும் இரத்த அழுத்தமும் எப்படியென்று இடைவிடாமல் கவனித்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டிய மருந்து அது. குறைந்தால் மூச்சுத் திணறும். மிஞ்சினால் உடல் கொதித்துச் சித்தம் கலங்கும். டாக்டர் பல வார்டுகளைச் சுற்றி வர வேண்டியவர். விடியும் வரையில் பக்கத்தில் விழித்திருப்பவர் நர்ஸ்.

கவனித்ததை எழுதி வைப்பதும் மருந்து கொடுப்பதில் ஒரு பகுதியே. இது தஞ்சைக்குப் புதிய பாடமல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலை நடத்தினார். அவர் காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதிய சிகிச்சைக் குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அவ்வூரில், இன்று ஒரு வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவதும், கொடுக்குமுன்பே எழுதி வைப்பதும் எத்தகைய இழிவு! எழுதாது விட்டால் அடுத்த முறைக்கு வரும் நர்ஸ் அதே மருந்தை மறுபடியும் கொடுப்பார். முன்கூட்டி எழுதினால் கொடுக்காமலே விட்டுவிடுவார்.

நர்ஸுகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் டாக்டரின் அதிகாரம் குன்றிவிடும் என்று சொல்வாருமுளர். நாம் அதை ஒப்பவில்லை. எழுத்து விளங்காதபோதும் அளவு மிகையாகத் தோன்றும்போதும் ‘இதைத்தான் சொன்னீர்களா, ஐயா?’ என்று நர்ஸ் கேட்பது கீழ்ப்படியாமை அல்ல. அதுவே அவருடைய உத்தியோகம். அந்தக் கேள்விக்குச் சினந்து விழும் டாக்டர், தம் தவற்றைத் தடுக்கக்கூடிய கடைசிக் காவலைத் தாமே அகற்றிவிடுகிறார். அதுபோலவே, தவறு நேர்ந்ததும் நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கோப்பை மூடுவதும் விவேகமல்ல. தண்டனைக்கு அஞ்சுகிறவர் தவற்றை மறைப்பார். மறைந்த தவறு மறுபடியும் வரும். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் தொடங்கிய இயக்கம், மருந்தினால் நேரும் தவிர்க்கக்கூடிய பெருங்கேடுகளை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டுமென்று கோரியது. தனி மனிதரைச் சபிப்பதை விடுத்து, வேலை நடக்கும் முறையைத் திருத்தினாலன்றி அது கைகூடாது.

திருத்த வேண்டியவற்றுள் முதலாவது ஆள் பலம். போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் உறவினருக்குத் துணையாக ஓரிரவு விழித்திருந்த எவரும் அந்த அளவு எங்கே நிற்கிறதென்று அறிவர். தமிழ்நாட்டில் 2015-ல் நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டியதாயிற்று. நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணு என்று கட்டளையிடுகிற அரசாங்கம், அந்த ஒரு நிமிஷத்தை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டாமா? மருந்து கொடுக்கும் நேரத்தில் கணக்கு எழுதவும், படுக்கை தேடவும், போனுக்குப் பதில் சொல்லவும் அவரையே அழைப்பது நியாயமா?

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்கும் நர்ஸைப் பார்த்து, ‘காலையில்தானே சொன்னோம், அம்மா’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கேளாத நர்ஸைக் கண்டே அஞ்சுங்கள். வீட்டில் சாப்பிட்டு வந்த மாத்திரைகளை உறையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ‘இது எதற்கு?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இராஜாவும் மிராசுதார்களும் கொடுத்ததை இராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியின் பெயரே இன்றும் சொல்லுகிறது. கட்டடம் கொடுத்த தலைமுறை தன் கடமையைச் செய்தது. அக்கட்டடத்தினுள் நள்ளிரவில் மருந்துத் தட்டோடு நடக்கிறவருக்குப் போதிய துணையும், நிலையான வேலையும், அஞ்சாமல் கேட்கும் உரிமையும் கொடுப்பது நம் தலைமுறையின் கடமை. அதைச் செய்ய அரசாங்கம் இனியும் தாமதிக்கலாகாது.