இரண்டு ஏடுகள்

புற்றுநோயாளர் ஒருவரைப் பற்றி இன்று இரண்டு ஏடுகள் எழுதப்படுகின்றன. ஒன்று ஆய்வுக்கூடத்தில் எழுவது. கட்டியின் மரபணுக்களையும் அவற்றில் நேர்ந்த திரிபுகளையும் அது கூறும். மற்றொன்று மருத்துவமனையில் எழுவது. நோயாளரின் அகவை, நோய் கண்ட நாள், உண்ட மருந்து, வாழ்ந்த காலம் ஆகியவற்றை அது கூறும். இவ்விரண்டையும் கணிப்பொறியின் துணையால் இணைத்துக் காண்பது உயிர்த்தகவலியலின் தலையாய பணிகளுள் ஒன்றாகும்.

முதல் ஏட்டிற்குப் பெரும்பொருளும் புதுப்பொறிகளும் கிடைக்கின்றன. இரண்டாம் ஏடோ, கூட்டம் மிக்க புறநோயாளர் பகுதியில் விரைந்து கிறுக்கப்படுகின்றது. இது முறையன்று என்பது என் துணிபு.

மூளைப் புற்றுநோய்களுள் கொடியது கிளியோபிளாஸ்டோமா. அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர்களும் அவர்தம் துணைவர்களும் அத்தகைய 22 கட்டிகளில் 20,661 மரபணுக்களை ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஐ.டி.எச்.1 என்னும் மரபணுவில், குறித்த ஓரிடத்தில், சிலருக்கு மட்டும் திரிபு இருந்தது. அதன் பொருள் யாது? மருத்துவ ஏட்டைப் புரட்டியபோதன்றோ அத்திரிபு வாய் திறந்தது! அத்திரிபுடையோர் பெரும்பாலும் இளையோர். அவர்களுள் பாதிப்பேர் 3.8 ஆண்டுகளையும் கடந்து வாழ்ந்தனர். அத்திரிபு இல்லாதோர்க்கு அவ்வளவை 1.1 ஆண்டே. ஒரு பெயரால் வழங்கியவை இரு நோய்கள் என்பது விளங்கலாயிற்று. 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவற்றின் பெயர்களையே பிரித்தமைத்தது. அத்திரிபுடைய, மெல்ல வளரும் மூளைக்கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்னும் மருந்து 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய எம்போன்றோர்க்கு இது வியப்பன்று. பாடவேறுபாட்டின் பொருளை அச்சொல் தானே உரைப்பதில்லை; இடம் நோக்கியே உணர வேண்டும்.

2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்டோரின் கட்டிகளை ஆராய்ந்தது. ஆயினும், அதன் மருத்துவக் குறிப்புகளை அறிஞர் சிலர் ஒழுங்குபடுத்தி 2018-இல் வெளியிட்டபோது, சில வகைகளில் நோயாளரைத் தொடர்ந்து கவனித்த காலம் போதாது என்று கண்டனர். மரபணுவைப் படித்தாயிற்று, மனிதர் என்ன ஆனார் என்பது தெரியவில்லை! இதனினும் வருந்தத்தக்கது வேறு உண்டோ? தம் உடற்பகுதியை ஈந்தவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு இதுதானா?

குறிப்புகளை இணைத்தால் நோயாளரின் மறை வெளிப்படும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் தக்கதே. பெயரும் முகவரியும் நீக்கி, அவர்தம் இசைவு பெற்றே இணைத்தல் வேண்டும். ஒரே மருந்தை மருத்துவமனைதோறும் வெவ்வேறு பெயரால் எழுதினால் கணிப்பொறி அவற்றை வெவ்வேறு மருந்தென்றே கொள்ளும். ஆதலின் எழுதுமுறையும் ஒன்றாதல் வேண்டும். நோயாளர் வீடு திரும்பிய பின்னரும் ஆறு திங்களுக்கு ஒருமுறை அவர் நலம் வினவி எழுதிவைக்க ஒவ்வொரு மருத்துவமனையும் ஓர் எழுத்தரை அமர்த்துக. புதுப்பொறி வாங்குவதைச் சற்றே பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.