எத்தனை ஏக்கர்? சரி, என்ன மண்?

வேளாண்மை படிக்கிறேன் என்று சொன்னால் நம்மவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "தோட்டத்தை விட்டு வெளியேறத்தானே உன்னைப் படிக்க வைத்தார்கள்?" என்பதுதான். மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய மூன்றைத் தாண்டி நம் பெற்றோர்களின் கற்பனை நகர மறுக்கிறது. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். இங்கே நான் சொல்ல வந்தது, என் ஊரின் பெயரை ஒரு குழிக்குள் கேட்ட கதை.

மண்ணியல் பாடத்தின் களப்பயணம் அது. ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆளுயரக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். விரிவுரையாளர் உள்ளே இறங்கி, கத்தியால் சுவரைச் சுரண்டிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். மணல் மிகுதி, சிறிது களி. "இது ஹோலிரூட்" என்றார். பிறகு எங்களைச் சரிவில் இருநூறு முந்நூறு அடி நடத்திக்கொண்டு போய் இன்னொரு குழியைக் காட்டினார். இங்கே மண் நரைத்துக் கிடந்தது. இடையிடையே துருப்பிடித்ததுபோல் செம்புள்ளிகள். அடியில் நீர் ஊறியிருந்தது. "இது லூனாஸ்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டார். "என் ஊர், ஐயா" என்றேன். உடன் படிக்கும் நண்பர்கள் அன்றிலிருந்து என்னைத் 'தண்ணீர் தேங்கும் மண்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்!

தீபகற்ப மலேசியாவின் மண் வகைகளுக்கு, அவை முதலில் ஆராயப்பட்ட இடங்களின் பெயர்களையே சூட்டும் வழக்கம் உண்டு. ரெங்கம் என்பது ஜொகூரில் ஓர் ஊர். லூனாஸ் கெடாவில். ஹோலிரூட் பேராக்கில் ஒரு தோட்டம். அதன் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. நம் முன்னோர்கள் பெரட்டுக்கு நின்ற இடங்களின் பெயர்கள் இன்று அறிவியல் நூல்களில் மண்ணின் பெயர்களாக நிற்கின்றன. கெடா என்றதும் நம் மேடைகளில் கடாரம் வந்துவிடும், 1025இல் இராசேந்திர சோழனின் படையெடுப்பும் வந்துவிடும். அந்தப் பெருமை இருக்கட்டும். ஆனால் நம் பாட்டனும் பாட்டியும் எந்த மண்ணில் நின்று பால்மரம் வெட்டினார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது, அந்தக் குழியைப் பார்க்கும்வரை.

எங்கள் பாடநூலில் நீர் நன்கு வடியும் மணல் மண்ணுக்கு எடுத்துக்காட்டாக வருவது பனி நாட்டு மண். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவின் வடபகுதியையும் ஐரோப்பாவின் வடபகுதியையும் பெரும் பனியாறுகள் மூடியிருந்தன. அவை உருகியபோது பெருகிய நீர், பாறைத் தூளையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து சமவெளியில் பரப்பியது. வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல், பிறகு மணல் என்று நீர் தன் சுமையை இறக்கி வைக்கும். நுண்ணிய களி மட்டும் நெடுந்தூரம் போய்விடும். இப்படி உருவானவைதான் அந்நாடுகளின் மணற்சமவெளிகள்.

நம் நாட்டில் பனியாறு ஏது? போர்னியோவின் கினபாலு மலையுச்சியில் அக்காலத்தில் பனி படிந்திருந்தது. தீபகற்பத்தில் அதுவும் இல்லை. ஆனாலும் பனிக்காலம் நம்மைத் தொடாமல் போகவில்லை. உலகின் நீரில் இன்றைவிட அதிகப் பங்கு பனியாக உறைந்திருந்ததால் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அன்று நிலம். கடல் மட்டம் இறங்கியும் ஏறியும் வந்த அந்தக் காலங்களில், கருங்கல் மலைகளிலிருந்து நம் ஆறுகள் கொண்டுவந்த மணல் கரையோரங்களில் படிந்து மேட்டுத் திட்டுகளாக நின்றுவிட்டது. ஹோலிரூட் அத்தகைய திட்டுகளின் மண். பனிக்குப் பதில் மழை என்பது தவிர, மணலைத் தரம் பிரித்துப் பரப்பிய வேலை ஒன்றுதான். (ஹோலிரூட் என்பது எடின்பரோவில் உள்ள ஓர் அரண்மனையின் பெயரும்கூட. அந்த ஸ்காட்லாந்து முழுவதும் ஒருகாலத்தில் பனியாறுகளுக்கு அடியில் கிடந்தது. பெயர் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.)

இந்த மண்ணின் குணத்தைப் பாடநூலைவிட என் பாட்டி தெளிவாகச் சொல்வார். லூனாஸுக்கும் பாடாங் செராய்க்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். "மேட்டு நிரையில மழை விட்ட அரை மணி நேரத்துல சேறு இல்லாம நடக்கலாம். பள்ளத்து நிரையில செருப்பு ஒட்டிக்கும்" என்பார். மணல் பரு ஒன்று 2 மில்லிமீட்டர் வரை இருக்கும், களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. பெரிய பருக்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. நீர் இறங்கிவிடும், அதன் பின்னாலேயே காற்று போகும், வேர் மூச்சுவிடும். ரப்பர் மரம் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் வடியும் மண் தண்ணீரோடு எல்லாவற்றையும் வடியவிடும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கனமழையில் கரைந்து வேருக்குக் கீழே போய்விடும். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஒரே தடவையில் மூட்டை மூட்டையாக உரம் கொட்டினால் அது மரத்துக்குப் போட்டதாகாது. "கானுக்குப் போட்ட உரம்" என்று பாட்டி சொல்வது இதைத்தான். எனவேதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போட வேண்டும். இளமரங்களுக்கு நடுவே பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற மூடுபயிர்க் கொடிகளைப் படரவிட வேண்டும். விழும் இலையை மண்ணிலேயே மக்கவிட வேண்டும். மணலுக்குச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. மக்கிய தழைதான் அதன் வங்கிக் கணக்கு. சனவரி, பிப்ரவரியில் வடக்கே வறட்சி வரும்போது இந்த மேட்டு மண்தான் முதலில் காயும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் நடுவே உள்ள மணற்சமவெளியில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். போட்ட உரத்தின் நைட்ரேட் அங்கே நிலத்தடி நீரில் கலந்து கிணற்று நீரைக் கெடுத்திருக்கிறது. இதை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து பாட்டியிடம் சொன்னேன். "லயத்துல கக்கூசுக்குக் கீழ்ப்பக்கம் இருக்குற கிணத்துல நாங்க சமையலுக்குத் தண்ணி எடுக்க மாட்டோம்டா. இதுக்கு அமெரிக்கா போகணுமா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதையொட்டிய ஊர்களில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறி வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். தோட்டம் போகும்போது லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு எல்லாமே இடம் பெயர வேண்டியிருக்கிறது. அப்போது நம் தலைவர்களும் நிர்வாகக் குழுக்களும் பேச்சுவார்த்தைக்குப் போகிறார்கள். எத்தனை ஏக்கர், சாலையிலிருந்து எவ்வளவு தூரம், பட்டா யார் பெயரில் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் என்ன மண் என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டபோது மேட்டு நிலத்தில் விற்பனைக்கான வீடுகள் எழுந்தன. எங்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகள் பள்ளத்தில். தொடக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் மேலே இரண்டடிக்குச் செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள். முதல் மழைக்காலத்தில் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் பாட்டி ஊன்றிய மரவள்ளி அழுகியது, முருங்கை மஞ்சளாகிச் செத்தது. லயத்தில் கை வைத்ததெல்லாம் முளைக்கச் செய்த கை அது. "என் கைக்கு ராசி போயிடுச்சு" என்று ஓராண்டு சொல்லிக்கொண்டிருந்தார். கையின் ராசி எங்கும் போகவில்லை. காலுக்குக் கீழே ஹோலிரூட் போய் லூனாஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான். களப்பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து அந்தச் செம்மண்ணுக்குக் கீழே தோண்டினேன். குழியில் பார்த்த அதே நரை, அதே துருப் புள்ளிகள். காற்றுள்ள மண்ணில் இரும்பு மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும். நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் அந்த இரும்பு கரைந்து போய் மண் வெளிறிவிடும். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்த மண்ணு" என்றார்.

நான் படித்த தமிழ்ப்பள்ளியின் திடலிலும் இதே கதைதான். போட்டி விளையாட்டு நாள் தள்ளிப்போகாத ஆண்டே இல்லை. அந்தப் பள்ளியில்தான் மணல், தோட்டமண், களிமண் என்று மூன்று புனல்களில் நீரூற்றிச் சோதனை செய்தோம். 'மணல் நீரை விரைவில் வெளியேற்றும்' என்று எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் அலுவியம், லேட்டரைட் என்று மலாயில் மனனம் செய்தேன். இரண்டு பள்ளிகளிலும் யாரும் சன்னலுக்கு வெளியே கை நீட்டி 'அதோ, அதுதான் இது' என்று சொல்லவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் மண் பார்த்து வாங்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பள்ளத்து நிலம் மட்டுமே கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது பள்ளத்து நிலம் என்று கையெழுத்துக்கு முன்பே தெரிந்தால், ஆழமான வடிகான் வெட்டித் தரச் சொல்லலாம், அடித்தளத்தை உயர்த்தக் கேட்கலாம், இடுகாட்டையாவது மேட்டில் கேட்கலாம். தெரியாமல் வாங்கினால் பிற்பாடு ஒவ்வொரு மழைக்கும் நன்கொடைச் சீட்டு அச்சடிக்க வேண்டியதுதான். பெரிய செலவும் இல்லை. மண் வரைபடங்கள் விவசாய இலாகாவிடம் உள்ளன. அதுகூட வேண்டாம், ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். கொட்டிய மண்ணைத் தாண்டி மூன்று நான்கு அடி தோண்டுங்கள். நிறத்தைப் பாருங்கள். நீரூற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பழுப்பாக இருந்து நீர் விரைந்து இறங்கினால் மேட்டு மண். நரைத்துப் புள்ளி விழுந்து நீர் நின்றால் மற்றது. நம் மொழியில் புன்செய், நன்செய் என்று பிரித்து வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நெல்லுக்கு ஆகும் நிலத்தில் நாம் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற மாதம் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அழைத்தார். தங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வேறு இடம் தருகிறார்களாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவர் செயலாளர். "அஞ்சு ஏக்கர் தம்பி, அஞ்சு ஏக்கர்!" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

"என்ன மண், மாமா?" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "செம்மண்ணுதான்னு நெனைக்கிறேன். போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடி அழைத்தார். "ரெண்டடிக்குத்தான் சிவப்பு. அதுக்குக் கீழே சாம்பலா இருக்கு தம்பி. குழியில ஊத்துன தண்ணி சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்குது" என்றார். கையெழுத்து அடுத்த மாதம். வடிகானுக்கும் மேடாக்குவதற்கும் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'லூனாஸ்' என்ற சொல் அதில் நான்கு இடங்களில் வருகிறது.