சின்ன மைதானத்துக்கும் ஒரு படம் வேண்டும்

விளையாட்டுப் படம் என்றாலே கடைசிக் காட்சியில் நாயகன் கோப்பையைத் தூக்கவேண்டும் என்று பழகிவிட்டோம். ஆனால் மைதானத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் உச்சத்தை எட்டுவதில்லை. அவர்களைப் பற்றி 1988இல் வந்த அமெரிக்கப் படம் ‘புல் டர்ஹம்’. இயக்குநர் ரொன் ஷெல்டன், கீழ்மட்ட பேஸ்போல் லீக்குகளில் தாமே ஆடியவர். அவருடைய நாயகன் கிராஷ் டேவிஸ் உச்ச லீக்கில் இருந்தது வெறும் 21 நாட்கள். கீழ்மட்ட லீக்கில் ஹோம் ரன் சாதனையே படைக்கிறான், கொண்டாட ஆளில்லை. ஆனாலும் அவன் தோற்றவனாகத் தெரியவில்லை. தொழிலை நன்கு அறிந்தவனாகவே தெரிகிறான்.

தமிழில் இப்படி உச்சத்தை எட்டாதவர்களின் கதையைச் சொன்னது, 2024இல் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’. அதன் நாயகர்கள் கெத்துவும் அன்பும் ஊர் கிரிக்கெட் போட்டிகளைத் தாண்டாதவர்கள். இருந்தும் சாதி ஓர் ஆட்டக்காரனை அணிக்கு வெளியே நிறுத்துவதை அந்தச் சிறிய மைதானமே நமக்குக் காட்டிவிடுகிறது. தேசிய அணிவரை போகும் கதையாக இருந்திருந்தால், கடைசி வெற்றியின் ஆரவாரத்தில் இந்த அநீதி மறந்துபோயிருக்கும். உச்சியை எட்டாதவனின் கதையில்தான் வழியை மறித்தது எது என்ற கேள்வி கடைசிவரை நிற்கிறது.

‘எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இல்லாமை அதிகம், வென்றவனையல்லவா காட்டவேண்டும்?’ என்று இலங்கை மலையகத் தோட்டத்துப் பெற்றோர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அப்படி வென்றவனைக் காட்டும் படமாக, கிரிக்கெட் வீரர் முரளிதரனைப் பற்றிய ‘800’ 2023இல் வந்தது. முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் முரளியின் தந்தைக்குச் சொந்தமாக பிஸ்கட் தொழில் இருந்தது. முரளிக்குக் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் பயிற்சியும் கிடைத்தன. அவற்றை மறந்து ‘திறமை இருந்தால் போதும்’ என்று சொன்னால், வாய்ப்பே கிடைக்காத பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். வென்றவனின் படம் ஆசையைத் தரும்; எட்டாதவனின் படம் அந்த ஆசைக்கு என்னென்ன தேவை என்று கேட்கவைக்கும். நமக்கு இரண்டும் வேண்டும்.

கொடகவெல, இரக்குவானைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் மென்பந்து ஆடும் இளைஞனின் கதை, எனக்குத் தெரிந்து, இன்னும் திரைக்கு வரவில்லை. மலையகத்திலிருந்து சினிமா எடுக்கக் கிளம்பும் தம்பி, தங்கைகளே, முதலில் அதை எழுதுங்கள்.