ஏஐ கையெழுத்துப் போடுமா?

ரமணாசிரமம் எதிர்ல டீ குடிச்சிக்கிட்டு போனைப் பார்க்குற தம்பி, தங்கைகளே! "ஏவியானிக்ஸ் படிக்காதே, ஏஐ வேலையைத் தின்னுடும்"னு சுத்துற வாட்ஸ்அப் ஃபார்வர்டை அப்படியே நம்பாதீங்க.

எந்தப் பெட்டி பழுதுன்னு விமானத்தோட கம்ப்யூட்டரே பறக்கும்போது சொல்லிடும், உண்மைதான். பெட்டியைத் திறந்து சால்டரிங் பண்ற வேலையும் குறைஞ்சு போச்சு. ஆனா பெட்டி நல்லாவே இருந்து, கனெக்டர் பின்னில் ஈரம் ஏறியிருந்தா? ஒயர் உரசித் தேய்ஞ்சிருந்தா? ஆள்தான் தேடணும். சரிபண்ணிட்டு 'பறக்கலாம்'னு கையெழுத்துப் போட டிஜிசிஏ-வின் பி2 உரிமம் வேணும்.

ஆபத்தே இங்கதான் இருக்கு. அந்த உரிமம் டிகிரியோட சேர்ந்து வராது. மாட்யூல் தேர்வுகளை பாஸ் பண்ணணும், விமானப் பராமரிப்புல அனுபவம் காட்டணும். (நானும் இன்ஜினியரிங்தான். காலேஜ்ல ஒருத்தரும் இதைச் சொல்லல.) லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குறவங்க இதை நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடுறாங்களா?

2023-ல் இண்டிகோ 500, ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. பராமரிப்புக்கான ஜிஎஸ்டி 2020-லேயே 18 சதவீதத்திலிருந்து 5 ஆயிடுச்சு. கம்பெனிக்குச் சலுகை வந்தாச்சு. நம்ம பிள்ளை அனுபவம் வாங்க ஹேங்கர்ல இடம் எங்கே?

ஓசூர், சென்னை ஹேங்கர்கள்ல உதவித்தொகையோட அப்ரண்டிஸ் இடம் கொடுங்க. பி2 தேர்வுக் கட்டணத்தை அரசே கட்டட்டும்!