ஒளியால் ஆன அரசன்



மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு நாவலில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கல்லூரிப் பருவத்தில் திண்டுக்கல்லில் இரவல் வாங்கிப் படித்து, நெஞ்சில் தங்கிவிட்ட ஒரு கதையை அண்மையில் மீண்டும் படித்தேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’தான் அது.

கதை நிகழும் ஆண்டு 2021. அந்த ஆண்டு வந்து, போயும்விட்டது. கதையில் நாட்டை ஆள்பவன் ஜீவா என்னும் சர்வாதிகாரி. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவன் சிபியைத் தேடுகிறாள் நிலா. அவளுக்குத் துணையாக, நூல்களைப் படித்துச் சிந்திக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய். ஈற்றில் வெளிப்படும் உண்மை இது: ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை. நாடே அஞ்சிப் பணிந்தது ஒளியால் உண்டாக்கிய வெறும் பிம்பத்திற்கு!

இளமையில் ஜீனோவின் குறும்பை ரசித்தேன். இம்முறை அந்தப் பிம்பம் என்னை உறங்கவிடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கண்ணியமிக்க ஆலிம் ஒருவர் ஏழைக் குமர்களின் திருமணத்திற்கு நிதி கேட்டு உருக்கமாகப் பேசும் காட்சி, சில மாதங்களுக்கு முன் என் கைபேசிக்கு வந்தது. கண் கலங்கிப்போய், தெரிந்தவர் பலருக்கும் அதை அனுப்பினேன். மறுநாள், என்னிடம் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், உதட்டசைவும் பேச்சும் ஒத்துப்போகவில்லையே!” என்றான். விசாரித்தேன். அந்த ஆலிம் அவ்வாறு பேசியதே இல்லை. கணினியில் செய்த போலி அது. அதற்குள், தையல் வேலை செய்து பிழைக்கும் மூதாட்டி ஒருவர் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டிருந்தார். “நீங்கள் அனுப்பியதாயிற்றே, ஹஜ்ரத்!” என்றார். பணத்தை நான் கொடுத்துவிட்டேன். அவருடைய நம்பிக்கையை எதைக் கொண்டு ஈடுசெய்வேன்?

கதையில் வரும் மக்களை அச்சம் நம்பவைத்தது. என்னை நம்பவைத்ததோ மரியாதை. ஏமாந்ததில் என்ன வேறுபாடு?

கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒரு ஹதீஸை ஏற்குமுன், யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். அதைப் பாடமாக நடத்தும் நானே ஒரு விரல் அசைவில் அதை மறந்தேன்.

தாய்மார்களே! கைபேசியில் முகமும் குரலும் வந்துவிட்டால் மனிதரே வந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். அனுப்பியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காதவரை பணமும் அனுப்பாதீர்கள், பிறருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டுப் பிள்ளை ஐயம் எழுப்பினால் அதட்டாதீர்கள். என் கண்ணைத் திறந்தவன் ஒரு சிறுவனே.

உண்மையை உண்மையென்று காணும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.