பத்து நாள் பாதிரிமார்

கிறிஸ்துவ மதப் பிரசாரத்தில் இப்போது ஒரு புது முறை பலமாக நடந்து வருகின்றது. அமெரிக்காவிலுள்ள சபைகள் கோடை விடுமுறையில் வாலிபர்களையும் பெண்களையும் கூட்டமாகச் சேர்த்து, ஒரே மாதிரிச் சட்டை போட்டு, ஆகாய விமானத்தில் ஏற்றி, ஹோண்டுராஸ், குவாத்தமாலா முதலிய ஏழை நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்புகின்றன. இவர்கள் ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி, ஒரு சுவருக்கு வர்ணம் பூசி, நாலு செங்கல் அடுக்கி, குழந்தைகளுக்குப் பைபிள் கதை சொல்லி, அக்குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் பிடித்துக் கொண்டு வீடு திரும்பி விடுகிறார்கள். இதற்கு "ஊழியம்" என்று பெயர். இப்படி வருஷந்தோறும் சுமார் 16 லட்சம் அமெரிக்கர்கள் வெளிநாடு போய் வருவதாகச் சமூக நூலாசிரியர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டிருக்கிறார்.

நாம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். இந்த ஊழியத்தால் லாபம் அடைகிறவர் யார்? கிராமத்தானா, வந்து போகிறவனா?

1998-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் "மிட்ச்" என்னும் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சீரழித்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. உடனே வட அமெரிக்கச் சபைக் கூட்டங்கள் வீடு கட்டிக் கொடுக்கப் புறப்பட்டன. அதன் பலனைக் கர்ட் வெர் பீக் என்பவர் நேரில் விசாரித்து 2006-ல் வெளியிட்டார். இவர் நம்மைப் போன்ற நாத்திகரல்ல, அப்போது கால்வின் என்ற கிறிஸ்துவக் கல்லூரியின் ஆசிரியராக இருந்தவர், ஹோண்டுராசிலேயே குடியிருந்தவர். அவர் சொல்லும் கணக்கு என்ன? வந்தவர்களின் விமானக் கூலி முதலியவை சேர்த்து, அக்கூட்டத்தார் கட்டிய வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர் ஆயிற்று. அதே வீட்டை உள்ளூர்க் கிறிஸ்துவ ஸ்தாபனங்கள் 2,000 டாலரில் கட்டி முடித்தன.

தோழர்களே! இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. சந்தைக்குப் போய் வருகிற எவனும் விரல் மடக்கிச் சொல்லி விடுவான். ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடு கட்டியிருக்கலாம். பதினைந்து குடும்பம் கூரையின் கீழ் படுத்திருக்க வேண்டியது. ஒரு குடும்பம் படுத்தது. மற்றப் பதினாலு குடும்பத்தின் வீடும் விமானச் சீட்டாகப் பறந்து விட்டது. அது மட்டுமா? அந்நாட்டில் கொத்தனார் இல்லையா? தச்சன் இல்லையா? புயலில் தொழிலும் போய்க் கூலிக்கு ஏங்குகிறவன் ஓரத்தில் நின்று பார்க்க, கரண்டி பிடித்தறியாத காலேஜ் பிள்ளை சுவர் வைப்பது தொண்டா, அவன் வயிற்றில் அடிப்பதா?

"பணக் கணக்குப் பார்க்கலாமா? அன்பை அளக்க முடியுமா?" என்று பாதிரிமார் கேட்கிறார்கள். சரி, அதையும் பார்ப்போம். வெள்ளையர் வந்து கட்டிய வீட்டில் இருப்பவருக்கும், உள்ளூரார் கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் வாழ்க்கையில் வித்தியாசம் உண்டா என்று வெர் பீக் பார்த்தார். சொல்லத்தக்கதாக ஒன்றும் காணவில்லை. "போனவருடைய மனமாவது மாறுகிறதே, பிறகு ஆயுள் முழுதும் ஏழைகளுக்குக் கொடுப்பார்களே" என்பது அடுத்த சமாதானம். அதையும் விசாரித்தார். ஊர் திரும்பிய பின் பெரும்பாலோரிடம் நிலைத்த மாறுதல் அதிகமாக இல்லை. ஆகவே இது காசி யாத்திரைக்கு அண்ணன் முறை! அங்கே போகிறவன் கங்கையில் முழுகிப் பாபம் கழிக்கிறான். இங்கே போகிறவன் ஏழையின் கண்ணீரில் முழுகிப் புண்ணியம் தேடுகிறான். கங்கைக்காவது மானம், வெட்கம் கிடையாது. ஏழைக்கு அவை உண்டு.

அவசரத் தொண்டு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஹைதியே சாட்சி. 2010 ஜனவரியில் பூகம்பம் நடந்த மூன்று வாரத்துக்குள், பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் 33 குழந்தைகளை "அநாதைகள்" என்று சொல்லி, தக்க பத்திரமின்றி எல்லை தாண்டிக் கொண்டு போகையில் பிடிபட்டார்கள். விசாரித்ததில் அக்குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள்! படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்த ஏழைகள் அவர்கள். கடத்தல் குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. தலைமை வகித்தவர் மட்டும் சட்ட விரோதப் பிரயாண ஏற்பாட்டுக்காகத் தண்டனை பெற்றார். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நாம் சொல்லவில்லை. கடவுள் ஏவினார் என்று நம்புகிறவனுக்குத் தாயைக் கேட்கவும் சட்டத்தைக் கேட்கவும் தோன்றாது என்றுதான் சொல்லுகிறோம். புயலையும் பூகம்பத்தையும் தடுக்காத கடவுள், பிறகு பத்து நாளைக்குப் பிள்ளைகளை அனுப்பிச் சுவர் வைக்கிறார் என்றால், அந்த நிர்வாகத்தை என்னவென்பது?

பாதிரிமார் எல்லோரும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1891-ல் சாகும் வரை இந்நாட்டோடு கிடந்து, தமிழைக் கற்று, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். 1900-ல் வேலூரில் சிறு வைத்தியசாலை வைத்த ஐடா ஸ்கடர், 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியே வைத்தார். இவர்களுடைய மதம் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் ஊர் பாஷையைக் கற்று, ஊராரோடு ஆயுளைக் கழித்து, ஊர்ப் பெண்ணையே டாக்டராக்குவது வேறு. பத்து நாளில் படம் பிடித்துப் போவது வேறு.

இதைப் படித்து நமது வைதீக இந்துக்கள் மகிழ்ந்து விட வேண்டாம். அவனாவது கடல் தாண்டி ஏழையின் பிள்ளையைத் தூக்குகிறான். நீங்கள் அடுத்த தெருச் சேரியில் கால் வைக்க எத்தனை நூறு வருஷம் யோசித்தீர்கள்?

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். உண்மையில் உதவ நினைக்கிறவன் வீட்டிலேயே இருந்து கொண்டு, விமானக் கூலியை அப்படியே அனுப்பட்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலை கிடைக்கும். பதினைந்து கூரை எழும்பும். எவனும் எவன் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஹோண்டுராசின் நல்ல நிலமெல்லாம் ஒரு காலத்தில் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகளின் கைக்குப் போனது எப்படி என்று படித்துவிட்டுப் போகட்டும். அப்போது ஜெபப் புஸ்தகத்தை விடக் கணக்குப் புஸ்தகம் அதிகம் பேசும். ஏழைக்கு வேண்டியது கூலியும், நிலமும், மானமுமேயொழிய, பத்து நாள் அன்பு அல்ல!