பாம்பின் பெட்டிக்கு எத்தனை பாகைச் சூடு?

கனடாவில் வாழும் ஒன்றுவிட்ட தமையனார் கண்ணாடிப் பெட்டியிற் பாம்பு வளர்ப்பதையும், பெட்டியின் அடியில் மின்சூடாக்கி வைத்திருப்பதையும் படத்திற் கண்ட உக்குவளை மாணவர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். வயலோரத்தில் தாம் கண்ட மலைப்பாம்புக் குஞ்சை அவ்வாறே வளர்க்க விரும்புகிறாராம். பெட்டியை எத்தனை பாகைக்குச் சூடாக்க வேண்டும் என்பது அவர் வினா. வினா சிறிதாயினும், விடையில் அறிய வேண்டியவை பல.

நாம் உண்ணும் உணவிலிருந்து நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பாம்புக்கு அவ்வாற்றல் இல்லை. வெயில் பட்ட கல்லிலும் மண்ணிலும் இருந்தே அது சூட்டைப் பெறுகிறது. உடல் குளிர்ந்தால், விழுங்கிய எலி செரியாது வயிற்றிலேயே அழுகும். சூடு மிகுந்தாலோ, வியர்த்து ஆறும் வழியற்ற அவ்வுயிர் விரைவில் மாளும். காலையில் வெயில் காய்வதும் நண்பகலிற் புற்றுக்குட் புகுவதும் அதற்கு உயிர் காக்கும் தொழிலாகும்.

இதற்கொரு விலக்கு உண்டு. முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் தாய் மலைப்பாம்பின் உடல், சூழ உள்ள காற்றினும் வெம்மையாக இருப்பதை 1841இல் வலென்சியன் என்னும் விலங்கியலார் பரிஸ் நகரில் அளந்து காட்டினார். தசைகளை ஓயாது சுருக்கியே தாய் அவ்வெப்பத்தை ஆக்குகிறது என்பதை 1966இல் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வு விளக்கிற்று. ஆயினும் அவ்வுழைப்பெல்லாம் முட்டைகளின் பொருட்டே. தனக்கு வேண்டிய சூட்டை அது தேடித்தான் செல்ல வேண்டும்.

ஆதலால், ‘எத்தனை பாகை?’ என்பதற்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்லுதல் பொருந்தாது. மேலை நாடுகளிற் பலர் வளர்ப்பது, அஞ்சினாற் பந்துபோற் சுருளும் ஆபிரிக்க மலைப்பாம்பு. அதன் பெட்டியில் ஒரு கோடி செல்சியஸ் 31, 32 பாகையாகவும், மறு கோடி 25 பாகையளவிலும் இருத்தல் வேண்டும். சூடாக்கி அடித்தளத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேற் பரவலாகாது. குறித்த அளவு வந்ததும் மின்னோட்டத்தைத் தானே நிறுத்தும் கருவி இன்றியமையாதது. இரு கோடிகளிலும் வெப்பமானியும் பதுங்கிடமும் வேண்டும். ஒரு கோடியில் மட்டும் பதுங்கிடம் இருந்தால், அஞ்சிய பாம்பு வெப்பம் ஒவ்வாவிடினும் அங்கேயே கிடக்கும். மின்குமிழைக் கம்பிவலையால் மூடாவிடின் அதைச் சுற்றிக்கொண்டு வேகும். அளவு மீறிச் சுடும் கல்லின்மேல் அடிவயிறு பொசுங்கும்வரை அகலாது கிடக்கும் பாம்புகளும் உண்டு.

பனி உறையும் கனடாவுக்கு இத்தனை ஏற்பாடும் தகும். உக்குவளையிலோ பகல் வெப்பம் 30 பாகையை எட்டும். மார்கழி, தை இரவுகளிலேயே 20 பாகையை அண்மிக்கும். இங்குள்ள பாம்புக்குச் சூடாக்கி எதற்கு? சாளரத்தருகே வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். குளிரினும் சூடே இங்கு கொடிய பகை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், நஞ்சு எடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளைக் கூரையின்கீழ் மட்பானைகளில் வைத்து, வாயைத் துணியாற் கட்டுகின்றனர். சில வாரங்களின் பின் காட்டில் விடுகின்றனர். மட்பானையின் குளிர்ச்சியை நம் வீட்டுத் தண்ணீர்ப்பானையே உணர்த்தும்.

இனி, சூட்டினும் முதன்மையான செய்தி ஒன்று. மலைப்பாம்புக் குஞ்சும் கண்ணாடி விரியனும் உடற்புள்ளிகளால் ஒன்றையொன்று ஒத்தவை. குஞ்செனக் கருதி விரியனைத் தொட்டுக் கடியுண்டோர் உளர். அதன் நஞ்சு குருதியையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே பறிக்க வல்லது. ஐயமின்றி மலைப்பாம்பே ஆயினும், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனைக் காக்கிறது. பிடித்து வளர்த்தல் குற்றம். வீட்டினுட் புகுந்திருந்தால், தாமே பிடிக்க முயலாது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

பாம்பின் வாழ்வை அறியும் ஆவலை நாம் தடுக்கவில்லை. மாணவர்கள் ஒரு வெப்பமானியை எடுத்து, வெயில் படும் கல்லின்மேலும், கொக்கோ மர நிழலின் வெறுந்தரையிலும், கிணற்றடி ஈரமண்ணிலும் காலை, நண்பகல், மாலை மூவேளையும் வைத்து அளந்து குறித்துவருக. சருகுக் குவியலிலும் கல்லிடுக்கிலும் கைவிடற்க. பத்தடி தூரத்துக்குள் எத்தனை பாகை மாறுகிறதென்று ஒரு கிழமையிற் புலனாகும். அம்மாற்றங்களுக்கிடையே தனக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே பாம்பின் வாழ்வு. நாலடிப் பெட்டியில் அதனை அமைத்துக் கொடுத்தல் அரிது. உங்கள் தோட்டத்தில் அது முன்னமே அமைந்திருக்கிறது.